குடிய விட்டாரு, ரம்மிய விடல (கடிதம்)

அண்ணா வணக்கம். எங்க வீட்டுக்காரர் குடிய நிறுத்தி பதினாலு மாசம் ஆச்சு, வாரம் ரெண்டு நாள் ஏஏ (குடிய விட்டவங்க கூடி பேசுற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங் போறாரு. ஆனா போன்ல ரம்மி ஆடி என் நகையெல்லாம் அடகுல இருக்கு, லோன் ஆப் கடன் வேற. காசு வச்சு ஆடுற ஆன்லைன் கேமுக்கு தடை வந்ததும் நிம்மதியா இருந்தேன், இப்ப டெலிகிராம்ல வர்ற ஏதோ லிங்க்ல ஆடுறாரு. மாமியார் இடத்த வித்து கடன அடைச்சிடலாம்ங்கிறாங்க. செய்யலாமா?
ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள தங்கச்சிக்கு,

வேணாம்மா, இப்ப விக்க வேணாம். எங்க சித்தப்பா குடிய விட்டுட்டு லாட்டரில விழுந்தவரு, அப்பத்தா ரெண்டு தடவ கடன அடைச்சாங்க, ரெண்டு தடவையும் சில மாசத்துலயே மறுபடி கடன், பழைய கடன் தீந்ததும் புதுசா கேக்க அவருக்கு தைரியம் வந்துருச்சு. 2003-ல தமிழ்நாட்டுல லாட்டரிய தடை பண்ணப்போ இனி பொழச்சுக்குவாருன்னு நெனச்சோம், மூணு நம்பர் சீட்டு விக்கிறவன தேடி போயிட்டாரு. 2025-ல மத்திய அரசு கொண்டுவந்த ஆன்லைன் கேம் சட்டத்த நான் முழு மனசா ஆதரிக்கிறேன், ஆனாலும் உங்க வீட்டுல ஆட்டம் நிக்கலைங்கிறது எனக்கு புரியுது.

சூதாட்டத்துல வாட வராது, தள்ளாட்டம் இல்ல, அதான் வீட்டுக்கு லேட்டா தெரியுது. குடிக்கிறதுக்கு இது பரவால்லன்னு நாங்களே சித்தப்பாட்ட சொன்னோம், அது இன்னும் உறுத்துது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தோட கையேடு 2013-லயே சூதாட்டத்த குடி, போதை இருக்கிற அதே பிரிவுல சேத்துருச்சு. அதனால குடிக்கு பாத்த டாக்டர்ட்டயே இதையும் சொல்லணும், மீட்டிங்லயும் ஸ்பான்சர்ட்ட (அங்க அவருக்கு வழிகாட்டுற மூத்தவர்ட்ட) சொல்லணும், இத மறைச்சிட்டு குடிய பத்தி மட்டும் பேசிட்டு இருந்தாருன்னா அந்த மறைக்கிற பழக்கமே ஒருநாள் திரும்ப பாட்டில்ல கொண்டுபோய் விட்டுரும்.

கடன் மொத்தத்தையும் அவர் கையாலயே எழுத சொல்லுங்க, முதல் தடவ எழுதுறதுல பாதி இருக்காது, திரும்ப கேளுங்க. சம்பளம், ஏடிஎம் கார்டு, ஜிபே எல்லாம் கொஞ்ச நாள் உங்ககிட்ட இருக்கட்டும், தவணைய நீங்களே நேரா கட்டுங்க, அவர் கைல காசா குடுக்காதீங்க.

இன்னொன்னு, இது ரொம்ப முக்கியம். விட்டத பிடிக்கணும்னு ஆடி ஆடி வழி தெரியாம நிக்கிறவங்களுக்கு சாகலாம்ங்கிற நெனப்பு வரும். அவர்ட்ட நேரடியா கேளுங்க, கேட்டா அந்த நெனப்ப தூண்டி விட்டுருவோமோன்னு பயப்பட வேணாம். ஆமான்னு சொன்னாருன்னா தனியா விடாதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. 14416 அரசாங்கத்தோட டெலி மானஸ்ங்கிற மனநல உதவி நம்பர், ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், நீங்க உங்களுக்காகவும் கூப்பிடலாம்.

மாமியார்ட்ட கோவமா பேசாதீங்க, பிள்ளைய காப்பாத்தணும்னு தான் அவங்க கேக்குறாங்க. இந்த கடிதத்த அவங்களுக்கு படிச்சு காட்டுங்க. டாக்டர பாத்துட்டு வந்து எழுதுங்கம்மா.