கல்லீரல் சுருக்கம் உள்ள அப்பாவுக்கு மனச்சோர்வு மாத்திரை தரலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. கொழுப்புக் கல்லீரலாகத் தொடங்கி, இப்போது சிரோசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். சென்ற ஆண்டு வயிற்றில் நீர் கோத்து, ஒருமுறை ஊசி வழியாக எடுத்தார்கள். ஸ்பைரனோலாக்டோன், புரோப்ரனலால் மாத்திரைகளும் லாக்டுலோஸ் சிரப்பும் எழுதித் தந்தார்கள். அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டியிருக்கிறது என்று இரண்டு மாதங்களுக்கு முன் சிரப்பை அவராகவே நிறுத்திவிட்டார். நான்கு மாதங்களாக எதிலும் பிடிப்பில்லை. “உங்களுக்கெல்லாம் பாரமாகிவிட்டேன்” என்று அழுகிறார். இரவில் நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை என்கிறார். பகலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார். சென்ற வாரம் அம்மா தன்னுடைய டயஸிபாம் மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். மறுநாள் மாலைவரை அப்பா தெளிவாகக் கண்விழிக்கவில்லை. மனநல மாத்திரைகள் எல்லாமே கல்லீரலைக் கெடுக்கும் என்கிறார்கள். அவருக்கு எது பாதுகாப்பானது?

பதில்: அந்த டயஸிபாம் மாத்திரையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதற்குள் இருக்கிறது. ஒரே ஒரு மாத்திரையால் உங்கள் தந்தையின் கல்லீரல் கெட்டுவிடவில்லை. அந்த மாத்திரையைச் சிதைத்து வெளியேற்றும் வலு அவருடைய கல்லீரலில் போதிய அளவு இல்லை என்பதுதான் அன்று தெரியவந்தது. நாம் விழுங்கும் மருந்து குடலிலிருந்து உறிஞ்சப்பட்டதும் நேராக உடலெங்கும் போவதில்லை. கல்லீரல் வழியாகத்தான் போக வேண்டும், அங்கேயே அதில் ஒரு பங்கு சிதைக்கப்பட்டுவிடும். சிரோசிஸில் தழும்பு விழுந்து இறுகிப்போன கல்லீரலுக்குள் ரத்தம் எளிதாக நுழைய முடியாமல், பக்கவாட்டுக் குழாய்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. மருந்தும் அதனோடு சேர்ந்து சிதைவுக்குத் தப்பி மூளையை எட்டுகிறது. போதாததற்கு, மருந்தைப் பிடித்து வைத்திருக்கும் அல்புமின் என்னும் புரதமும் ரத்தத்தில் குறைந்திருக்கும். ஆகவே மற்றவருக்கு ஓர் இரவுக்கான அளவு, இவருக்கு இரண்டு நாளுக்கும் காணும். “எது கல்லீரலைக் கெடுக்கும்” என்பதோடு “இந்தக் கல்லீரல் எதை, எவ்வளவு தாங்கும்” என்பதையும் சேர்த்தே நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

மருந்தின் பெயருக்குப் போகுமுன், உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லாக்டுலோஸை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது, இரவில் விழிப்பு, பகலில் தூக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லீரல் வடிகட்டத் தவறும் அம்மோனியா போன்ற நச்சுப்பொருள்கள் மூளையை மந்தப்படுத்தும் நிலை ஒன்று உண்டு. கல்லீரல் சார்ந்த மூளைப் பாதிப்பு என்று அதைச் சொல்வோம். அந்த நச்சை மலத்தோடு வெளியேற்றத்தான் லாக்டுலோஸ் தரப்படுகிறது. அதன் தொடக்க அடையாளங்களில் ஒன்று, பகலும் இரவும் தலைகீழாகும் இந்தத் தூக்கம். பேச்சு மெதுவாகும், ஆர்வம் குன்றும், கவனம் நிற்காது, எரிச்சல் வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அச்சு அசலாக மனச்சோர்வு போலவே தெரியும். அதற்கு மனச்சோர்வு மாத்திரை கொடுத்தால் பயனில்லை என்பதோடு, அந்த மாத்திரை தூக்கம் தருவதாக இருந்தால் நிலைமை மோசமாகவும் கூடும்.

வீட்டிலேயே நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் தினமும் காலையில் அவருடைய கையெழுத்தைப் போடச் சொல்லுங்கள். அதற்குக் கீழே ஐந்து முனை நட்சத்திரம் ஒன்றை வரையச் சொல்லுங்கள். நாற்பது ஆண்டுகளாக ஒரே மாதிரி போட்டுவந்த கையெழுத்து கோணத் தொடங்குவதும், நட்சத்திரத்தின் முனைகள் ஒன்றோடொன்று சேராமல் போவதும் மூளை மந்தத்தைப் பல நேரங்களில் ரத்தப் பரிசோதனைக்கு முன்பே காட்டிக்கொடுக்கும். இரு கைகளையும் முன்னே நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி, விரல்களை விரித்து வைக்கச் சொல்லும்போது, கைகள் சிறகு படபடப்பதுபோல் விட்டுவிட்டு விழுந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சிரப்பை மறுபடி தொடங்குவது பற்றி உங்கள் கல்லீரல் மருத்துவரிடம் உடனே பேசுங்கள். நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று முறை இளகலாக மலம் கழியும் அளவுக்கு அதை ஏற்றியிறக்கிக்கொள்ள வேண்டும்; வயிற்றுப்போக்கு ஆகும் அளவுக்குக் குடித்தால் உடலில் நீர் வற்றி, அதுவே வேறொரு தொல்லையாகும். ‘அடிக்கடி கழிவறை’ என்று அவர் சலித்துக்கொண்டதைப் பார்த்தால், அளவு கூடுதலாக இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்தச் சந்திப்பிலேயே சோடியம், ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். இவற்றுள் எது குறைந்தாலும் கூடினாலும் மனம் சோர்ந்ததுபோல் தோன்றும்.

அதே வேளையில், உங்கள் தந்தை “பாரமாகிவிட்டேன்” என்று அழுவதை மூளை மந்தத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட எனக்கு மனமில்லை. நான்கு மாதம் நீடிக்கும் அழுகையும் குற்ற உணர்வும் உண்மையான மனச்சோர்வின் குரல். சிரப்பை நிறுத்துவதற்கு இரண்டு மாதம் முன்பே அது தொடங்கியிருப்பதையும் கவனியுங்கள். இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கலாம், பலருக்கு அப்படித்தான் இருக்கிறது. கல்லீரலுக்குப் பயந்து மனச்சோர்வைச் சிகிச்சையின்றி விடுவதும் பாதுகாப்பான வழியல்ல: மனம் சோர்ந்தவர் சாப்பிடுவதில்லை, நடப்பதில்லை, மாத்திரையைத் தவற விடுகிறார், சிரோசிஸில் தசை கரைவது ஆயுளையே குறைக்கும்.

இனி மருந்து. அதற்கு முன் கல்லீரலின் வலுவை அளந்தாக வேண்டும். ‘எல்.எஃப்.டி.’ என்னும் கல்லீரல் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் எல்லோரும் முதலில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. எண்கள் கல்லீரல் செல்கள் எவ்வளவு காயப்படுகின்றன என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு வேலை செய்கிறது என்பதைச் சொல்லாது. அவை இயல்பாக இருக்கும்போதே கல்லீரல் கைவிட்ட நிலையில் இருப்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். பிலிருபின், அல்புமின், ரத்தம் உறைவதைக் காட்டும் ஐ.என்.ஆர்., வயிற்று நீர், மூளை மந்தம் ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவது சைல்ட்–பியூ கணக்கு; கூட்டுத்தொகை ஏற ஏறக் கல்லீரல் நலிந்திருக்கிறது என்று பொருள். 5, 6 வந்தால் ‘ஏ’. 7 முதல் 9 வரை ‘பி’. 10 முதல் 15 வரை ‘சி’. மருந்து நிறுவனங்களின் அளவுக் குறிப்புகள் பெரும்பாலும் இந்தக் கணக்கை ஒட்டியே இருக்கும். வயிற்று நீர் மருந்தால் அடங்கியிருந்து, இலேசான மூளை மந்தமும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மற்ற மூன்றும் நன்றாக இருந்தாலும்கூட உங்கள் தந்தையின் கூட்டுத்தொகை 7 ஆகிவிடும், அதாவது ‘பி’.

பதற்றமும் சோர்வும் சேர்ந்திருப்பவருக்கு முதலில் எடுக்கப்படுவது எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்னும் வகை மாத்திரைகள். கல்லீரல் நோயிலும் அவற்றிலிருந்தே தொடங்குவது வழக்கம், ஆனால் பாதி அளவில். எஸ்சிடலோப்ராமை நாளொன்றுக்கு 5 மி.கி. என்று தொடங்கி 10 மி.கி.யோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்; மற்றவர்களைப்போல் 20 வரை போகக் கூடாது. இது இதயத்தின் மின்னோட்டத்தில் ‘கியூ.டி.’ இடைவெளியைச் சற்று நீட்டக்கூடியது, சிரோசிஸ் தானாகவே அதை நீட்டும்; அது மிகவும் நீண்டால் இதயத்துடிப்பு சீர்கெடலாம். ஆகவே மாத்திரைக்கு முன் ஒரு ஈ.சி.ஜி. அவசியம். செர்ட்ராலினை 25 மி.கி.யில் தொடங்கலாம். இலேசான பாதிப்பில் வழக்கமான அளவில் பாதி போதும் என்றும், அதற்கு மேற்பட்ட பாதிப்பில் பரிந்துரைப்பதில்லை என்றும் அமெரிக்க மருந்துக் குறிப்பு சொல்கிறது; நடைமுறையில் கல்லீரல் மருத்துவர்கள் குறைந்த அளவில், கண்காணிப்போடு அதைக் கொடுக்கவே செய்கிறார்கள். பித்தம் தேங்கி உடல் அரிப்பவருக்கு அரிப்பையும் அது தணிக்கும் என்பது அதன் கூடுதல் குணம். உங்கள் தந்தையின் நிலையில், ஈ.சி.ஜி. சரியாக இருந்தால், நான் எஸ்சிடலோப்ராமைத்தான் முதலில் எழுதுவேன். ஃப்ளூவாக்சட்டினை எடுக்கமாட்டேன்: சிரோசிஸில் அது உடலை விட்டு நீங்க நாள் கணக்கில் அல்ல, வாரக் கணக்கில் ஆகும், அவர் ஏற்கெனவே சாப்பிடும் புரோப்ரனலாலின் அளவையும் ரத்தத்தில் உயர்த்தி நாடித்துடிப்பைக் குறைத்துவிடக்கூடும்.

இந்த வகை மாத்திரைகளில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது ரத்தக்கசிவு. ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளத் தேவையான செரட்டோனினை இவை குறைப்பதால் கசிவுக்கான வாய்ப்பு சற்றுக் கூடும். சிரோசிஸில் உணவுக்குழாயின் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கும், தட்டணுக்களும் குறைந்திருக்கும். உங்கள் தந்தைக்கு புரோப்ரனலால் கொடுத்திருப்பதே அந்தப் புடைப்புக்காகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். கடைசியாக எண்டோஸ்கோபி எப்போது செய்தார்கள் என்று பாருங்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை இதனோடு சேர்த்தால் ஆபத்து பெருகும். சிரோசிஸ் உள்ளவர் அவற்றை எப்படியும் தொடக் கூடாது. பாராசிட்டமால் கல்லீரலுக்கு ஆகாது என்று அதை விட்டுவிட்டு இவற்றை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நிறைய. மது அருந்தாதவருக்கு நாளொன்றுக்கு 2 கிராமுக்குள் பாராசிட்டமாலே மேல்.

இரண்டாவது சோடியம். எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகளும் சோடியத்தைக் குறைக்கும், ஸ்பைரனோலாக்டோனும் குறைக்கும். தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் சோடியத்தைப் பார்க்கத் தவறினால், அது குறைந்து வரும் குழப்பத்தை ‘மனச்சோர்வு முற்றிவிட்டது’ என்று எண்ணி மாத்திரையின் அளவைக் கூட்டும் விபரீதம் நேரும்.

பசியும் தூக்கமும் அடியோடு போனவருக்கு மிர்ட்டாசப்பின் 7.5 மி.கி. இரவில் உதவும், ரத்தக்கசிவுக் கவலையும் அதில் குறைவு. ஆனால் அது தூங்க வைக்கும் மருந்து. மூளை மந்தம் இல்லை என்று உறுதியாகாமல் உங்கள் தந்தைக்கு அதைத் தரமாட்டேன்.

ஒதுக்க வேண்டியவற்றை ஒளிவின்றிச் சொல்கிறேன். டுலாக்சட்டின், நரம்பு வலிக்கும் எழுதப்படுவதால் தெரியாமல் உள்ளே வந்துவிடும். நாட்பட்ட கல்லீரல் நோய் உள்ளவருக்கு அது கூடாது. அகோமெலட்டின் என்னும் மனச்சோர்வு மாத்திரை கூடவே கூடாது. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மாத்திரைகள் மலத்தைக் கட்டும், அந்த மலச்சிக்கலே மூளை மந்தத்தைக் கிளப்பிவிடும். ‘மனநல மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும்’ என்ற பேச்சும் காற்றில் வந்ததல்ல. 1950களில் காசநோய்க்காகக் கொடுத்த இப்ரோனியசிட் நோயாளிகளின் மனத்தை உற்சாகப்படுத்துவதைக் கண்டு அதையே மனச்சோர்வுக்கும் கொடுத்தார்கள். பிறகு அது கல்லீரலைத் தாக்குவது தெரிந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த முதல் மருந்தின் பழி, பின்னால் வந்த எல்லாவற்றின் மீதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பதற்றத்துக்கு உடனடி நிம்மதி தரும் டயஸிபாம், அல்பிரசோலம் வகை மாத்திரைகளை உங்கள் வீட்டில் அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். தவிர்க்கவே முடியாத நெருக்கடியில் மருத்துவர் லோரசிபாமைத் தேர்ந்தெடுக்கலாம். நலிந்த கல்லீரலாலும் அதை ஓரளவு எளிதாகக் கழிக்க முடியும். அதுவும் மருத்துவமனைக் கண்காணிப்பில், ஓரிரு வேளைக்குத்தான். பிரிகபாலின் கல்லீரலைத் தொடாமல் சிறுநீரகம் வழியே போகும் என்பதால் சிலர் விரும்புகிறார்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அதுவும் தேங்கித் தலைசுற்றலும் மயக்கமும் தரும். மருந்தில்லாத வழியாகிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குக் கல்லீரலின் அனுமதி தேவையில்லை. தலை தெளிவாக இருக்கும் நேரத்தில் அதைத் தொடங்கிவிடலாம். மூலிகை என்பதால் தீங்கில்லை என்று நினைத்து அமுக்கரா, காவா, செயின்ட் ஜான்ஸ் வோர்ட் ஆகியவற்றைத் தர வேண்டாம். முதல் இரண்டும் கல்லீரல் அழற்சியை உண்டாக்கியதாகப் பதிவாகியிருக்கின்றன. மூன்றாவது மற்ற மருந்துகளின் வேலையைக் குலைக்கும்.

மாத்திரை தொடங்கினால், பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் கொஞ்சம் கூடுவதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், நன்றாக ஆனபின்னும் திடீரென்று நிறுத்தாதீர்கள். மல நிறம் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டாம்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று. அப்பாவின் அருகில் தனியாக உட்கார்ந்து, “பாரம் என்று சொல்கிறீர்களே, உயிரை விட்டுவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. சொல்ல முடியாமல் தவித்தவருக்கு வழி திறக்கும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் உடனே அவசரச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள். இல்லை என்றாலும், அதிக அளவில் விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான புரோப்ரனலால் உட்பட எல்லா மாத்திரைகளையும் அம்மாவின் பொறுப்பில் பூட்டி வைத்து வேளைக்கு எடுத்துக் கொடுங்கள். மருத்துவரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும், அம்மாவின் டயஸிபாம் அட்டையையும், அப்பாவின் கையெழுத்துத் தாளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.