முழங்காலுக்குக் கீழே – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் புகைப்பட ஆர்வலர் குழுவில் மாதம் ஒரு தலைப்பு கொடுப்பார்கள். இம்மாதத் தலைப்பு ‘முழங்காலுக்குக் கீழே’. சமூகத்தின் அடித்தட்டு மக்கள் என்று அதை விளங்கிக்கொண்டு, பினாங்கு ஜார்ஜ் டவுன் கடைத்தெருவில், கடைகளின் முன் கூரையிட்ட நடைவழியான அஞ்சடியில் படுத்துறங்கிய ஒரு பெரியவரைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். படத்தை இணைத்திருக்கிறேன். என் புரிதல் தவறா? கைப்பேசியில் எடுத்ததால் மதிப்புக் குறைகிறதா?

ம., பட்டர்வொர்த்

அன்புள்ள ம.,

கைப்பேசிக் கவலையை விட்டுவிடுங்கள். கறுப்பு வெள்ளையைப் பற்றியும் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் கடிதம் வந்தபோது நான் அஞ்சடியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்; அதனால் இந்தப் பதில்.

தரையில் கிடக்கும் மனிதரை நீங்கள் நின்றுகொண்டு எடுத்திருக்கிறீர்கள். தலைப்பு உங்களைக் குனியச் சொன்னது. நீங்களோ வீட்டிலேயே ஒரு கருத்தை முடிவுசெய்துகொண்டு, அதற்குச் சாட்சியாக ஓர் ஏழையைத் தேடிப் போயிருக்கிறீர்கள். உறங்குகிறவரிடம் அனுமதி கேட்க முடியாது என்பதாவது தோன்றியிருக்க வேண்டாமா? விசித்திரமான தலைப்பைச் சொல்லுக்குச் சொல் அப்படியே கடைப்பிடித்துப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே என்றால் முழங்காலுக்குக் கீழேதான். அந்த உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனால் மற்றதெல்லாம் தானாக வரும்.

சிங்கப்பூருக்கு 1822-இல் வகுத்த நகரத் திட்டத்தில், ஒவ்வொரு கடைவீட்டின் முன்னும் கூரையிட்ட நடைவழி விடவேண்டும் என்று ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் விதித்தார். அந்த வழக்கம் பினாங்கிலும் வேரூன்றியது. வழியை எல்லாரும் விட்டார்கள், தளத்தை அவரவர் விருப்பப்படி போட்டார்கள். ஒரு கடைமுன் பூப்போட்ட ஓடு, அடுத்ததில் வெறும் சிமெண்டு, நடுவே ஒரு படி ஏற்றம். நடப்பவர்களுக்கு இது தடுக்கும்போதுதான் தெரியும்.

என் தாத்தா அங்கே ஒட்டுக்கடை வைத்திருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம்மவர்கள் வேலை முடிந்து வந்து வெற்றிலை போட்டு, விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைத் தூணில் இழுத்துவிட்டுப் போவார்கள். நின்று போட்டவர்களின் கோடுகள் தோள் உயரத்தில் இருக்கும். நிற்கவும் தெம்பில்லாமல் தூணில் சாய்ந்து உட்கார்ந்தவர்களின் கோடுகள் முழங்காலுக்குக் கீழே, ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, நகத்தால் சுரண்டினால் பொருக்காக உதிரும். தாத்தா திட்டுவார், தைப்பூசத்துக்கு முன் வெள்ளையடிப்பார், மறுவாரமே கோடுகள் வந்துவிடும். 2008-இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. முகப்பையும் சன்னலையும் எடுக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அந்தக் கோடுகளின் படம் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. நீங்கள் தேடிய அடித்தட்டு மக்கள் அந்தத் தூணில்தான் இருந்தார்கள், அம்மா.

மறுபடியும் போங்கள். கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையை ஒட்டி வரும். அஞ்சடி இருட்டு, தெருவில் வெயில். திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டுவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் தெரு வெளுத்துப்போகும். குந்தி உட்கார்ந்தால் எதைத் தொலைத்தீர்கள் என்று கடைக்காரர்கள் கேட்பார்கள், பேச்சுக் கொடுங்கள். அந்தப் பெரியவர் விழித்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தைக் காட்டி, வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள். எனக்கு அனுப்பியதை நான் அழித்துவிட்டேன்.