பகடை இல்லாத போர்க்களம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முறை வைத்து ஆடும் வியூக விளையாட்டுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் 'இன்ட்டு த பிரீச்' விளையாட்டைப் பெரிதும் பாராட்டியிருந்தீர்கள். அதை நம்பி ஸ்டீம் இணையக் கடையில் வாங்கினேன். சொல்லப்போனால் ஏமாற்றம்தான். முதலில், படம். சிறுவயதில் கேசட் செருகி டிவியில் ஆடிய விளையாட்டுகளைப் போலச் சதுரம் சதுரமாக இருக்கிறது. இந்தக் காலத்தில் இதற்கு ஏன் பதினைந்து டாலர் விலை? இரண்டாவது, இது போர் விளையாட்டே அல்ல, புதிர். எட்டுக்கு எட்டுக் கட்டம், மூன்று ரோபோக்கள், ஐந்து முறை ஆடினால் சண்டை முடிந்துவிடுகிறது. நான் 'எக்ஸ்காம்' ஆடி வளர்ந்தவன். அங்கே போர்க்களத்தின் பதற்றம் இருக்கும், குறி தப்பும், எதிர்பாராதது நடக்கும். இங்கே தோற்றால் யாரையும் குறைசொல்ல முடியவில்லை. ஆடி முடித்ததும் ஆசிரியரிடம் திட்டு வாங்கியதைப் போல இருக்கிறது.

இந்த விளையாட்டுக்குக் கிடைத்த புகழெல்லாம் பழைய நினைவில் திளைப்பவர்கள் கொடுத்ததுதானோ என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடிவிட்டதால் பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. தொடரலாமா, விட்டுவிடலாமா?

எம்., திருச்சி

*

அன்புள்ள எம்.,

'தோற்றால் யாரையும் குறைசொல்ல முடியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த விளையாட்டைப் பற்றி நான் படித்த புகார்களிலேயே இதுதான் குறி பிசகாதது. படத்தையும் விலையையும் பற்றிச் சொல்பவர்கள் பலர். அவர்களில் பாதிப் பேருக்காவது உள்ளே இருக்கும் உண்மையான எரிச்சல் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

வியூக விளையாட்டு ஆடுபவர்களும் அதிர்ஷ்டமும் பற்றி ஒரு பழைய வழக்கு உண்டு. 'சிவிலைசேஷன்' தொடரை உருவாக்கிய சிட் மையர் 2010-இல் விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில் ஆற்றிய உரையில் அதைப் பேசினார். மூன்றுக்கு ஒன்று என்ற பலத்தில் போருக்குப் போய்த் தோற்றால் ஆடுபவர் கொதித்துப்போகிறார். அதே ஆள் ஒன்றுக்கு மூன்று என்ற பலவீனத்தில் போய் வென்றால் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். இதைத் தெரிந்துகொண்ட உருவாக்குநர்கள் பலர், ஆடுபவருக்குத் தெரியாமல் பகடையில் கைவைத்தார்கள். 'ஃபயர் எம்ப்ளம்' தொடரில் 2002-இல் ஜப்பானில் வந்த பாகத்திலிருந்து பல பாகங்களில், திரையில் 90 சதவீதம் என்று காட்டப்படும் அடி உண்மையில் ஏறக்குறைய 98 சதவீதம் படும். ஒரு எண்ணுக்குப் பதிலாக இரண்டு எண்களை எடுத்துச் சராசரி பார்ப்பதால் வரும் விளைவு அது. நீங்கள் ஆடி வளர்ந்த எக்ஸ்காமிலும், இரண்டாம் பாகத்தின் எளிய நிலைகளில் குறி தப்பத் தப்ப அடுத்த குறியின் வாய்ப்பு உள்ளுக்குள் ஏற்றப்படுகிறது. திரையில் அது தெரிவதில்லை. இதையும் மீறி 95 சதவீதத்தில் குறி தப்பிய கதையைச் சொல்லாத எக்ஸ்காம் ரசிகர் கிடையாது. அந்தக் கதை அவருக்குத் தேவை. தோல்வியில் ஒரு பங்கை அது தன் தலையில் ஏற்றுக்கொள்கிறது.

ஜஸ்டின் மா, மாத்யூ டேவிஸ் இருவரும் சேர்ந்த சப்செட் கேம்ஸ் நிறுவனத்துக்கு இந்தப் பங்கு பிரிக்கும் வேலை நன்றாகத் தெரியும். அவர்களுடைய முதல் விளையாட்டு 2012-இல் வந்த 'எஃப்டிஎல்'. மக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பத்தாயிரம் டாலர் கேட்டு இரண்டு லட்சம் டாலர் அளவுக்குத் திரட்டிய விளையாட்டு. அதில் ஒரு விண்கலம், போகிற இடமெல்லாம் அதிர்ஷ்டம். நல்ல ஆயுதம் கண்ணில் படாமலே ஓர் ஆட்டம் முழுக்கப் போய்விடலாம். அதைக் கொண்டாடியவர்கள்கூட அந்தக் குறையைச் சொன்னார்கள். அடுத்து அவர்கள் செய்த 'இன்ட்டு த பிரீச்' 2018 பிப்ரவரி 27 அன்று வெளிவந்தது. சண்டையின் நடுவிலிருந்து பகடையை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். மண்ணுக்கடியிலிருந்து வந்து ஊரைத் தாக்கும் ராட்சதப் பூச்சிகள்தான் இதில் எதிரிகள். எந்தப் பூச்சி யாரை அடிக்கப்போகிறது, எத்தனை புள்ளி சேதம், எந்த வரிசைப்படி என எல்லாமே அடி விழுவதற்கு முன்பே திரையில் தெரியும். நீங்கள் கொடுக்கும் அடி தப்பவே தப்பாது. அடி விழுவதில் மிச்சம் வைத்த ஒரே அதிர்ஷ்டம், கட்டடம் அடியைத் தாங்கிக்கொள்ளும் சிறு வாய்ப்பு. தொடக்கத்தில் அது 15 சதவீதம். அது உங்களுக்கு உதவலாமே தவிர ஒருபோதும் கெடுக்காது.

இதனால் என்ன ஆகிறது என்பதை ஒரு முறையை எடுத்துக்காட்டிச் சொல்கிறேன். ஆரம்ப அணியான 'ரிஃப்ட் வாக்கர்ஸ்' அணியே போதும். மின்மினிப் பூச்சி ஒன்று தன் வரிசையின் கடைசியில் இருக்கும் குடியிருப்பைக் குறிவைத்திருக்கிறது. அடுத்த வரிசையில் ஒரு குளவி, வேறொரு குடியிருப்பை ஒட்டி நிற்கிறது. முந்தைய முறை அடிபட்டதில் அதற்கு ஓர் உயிர்ப்புள்ளிதான் மிச்சம். ஏரிக்கரையில் ஒரு தேள். நான்காவதாக ஒரு கட்டத்தில் மண் பிளக்கிறது, புதிய பூச்சி அங்கே வெளிவரப்போகிறது. நால்வர், உங்களிடம் மூவர். எக்ஸ்காம் பழக்கத்தில் பார்த்தால் யாரை முதலில் கொல்வது என்று யோசிப்போம். ஒன்றைக் கொல்லலாம், மற்றதெல்லாம் ஊரை இடித்துவிடும்.

இப்போது பீரங்கி ரோபோவின் குண்டை எந்தப் பூச்சியின் மேலும் போடாமல், மின்மினிக்குப் பக்கவாட்டில், குளவியின் வரிசைக்கு எதிர்ப்புறம் இருக்கும் வெற்றுக் கட்டத்தில் போடுகிறோம். அந்தக் குண்டு விழுந்த இடத்தில் சுற்றியிருப்பதையெல்லாம் ஒரு கட்டம் தள்ளும். மின்மினி அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறது. அதன் குறியின் திசை மாறுவதில்லை. ஆக அது சுடும்போது குண்டு குளவியின் மேல் படும். வரிசை எண்ணைப் பார்க்கிறோம்: மின்மினி முதலில், குளவி பிறகு. குளவி கொட்டுவதற்கு முன்பே செத்துவிடும், இரண்டு குடியிருப்புகளும் தப்பின. இரண்டாவது ரோபோ எதிர்ப்பக்கத்திலிருந்து தேளைச் சுட்டுத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. மூன்றாவது ரோபோ பிளந்த மண்ணின் மேல் போய் நின்றுகொள்கிறது. கீழேயிருந்து வருவது வெளிவர முடியாமல் முட்டும், ரோபோவுக்கு ஒரு புள்ளி சேதம், அவ்வளவுதான். கேரம் ஆடியவர்களுக்கு இந்தச் சுகம் உடனே புரியும்: தொடாத காயைத் தொட்ட காயால் விழவைப்பது.

இதைக் கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கண்டுபிடித்தால் வருகிற மகிழ்ச்சி முழுவதும் உங்களுடையது. 95 சதவீதக் குறி பட்டுவிட்டதில் அந்த மகிழ்ச்சி கிடையாது. கண்டுபிடிக்காமல் ஊர் இடிந்தால் அந்த வருத்தமும் முழுவதும் உங்களுடையதுதான். நீங்கள் திட்டு என்று சொல்வது இதன் மறுபக்கம். அதை விளையாட்டின் குறையாக நான் கருதவில்லை. ஆடுபவரின் மேல் இவ்வளவு மரியாதை வைத்த விளையாட்டுகள் மிகக் குறைவு.

இனி அந்தச் சதுரம் சதுரமான படம். மேலே சொன்ன முறையில் நாம் பார்க்க வேண்டியிருந்தவற்றை எண்ணிப் பாருங்கள்: நால்வரின் இடம், குறி, திசை, சேதம், வரிசை, எது தண்ணீர், எது மலை, எந்தக் கட்டடத்தில் ஆள் இருக்கிறார்கள். அறுபத்து நான்கு கட்டங்களும் ஒரே பார்வையில் தெளிவாகத் தெரிந்தால்தான் இந்த ஆட்டம் நியாயமானது. புகையும் நிழலும் சுழலும் கேமராவுமாக இதையே நவீனமாக வரைந்திருந்தால், கவனிக்காமல் விட்ட ஒரு பூச்சியால் நாம் தோற்றிருப்போம். அந்தத் தோல்வியை விளையாட்டின் மேல் போடுவதற்கு நமக்கு உரிமையும் இருந்திருக்கும். உருவாக்கிய இருவரும் பல பேட்டிகளில் சொன்னதுதான் இது: ஒரு யோசனை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைத் திரையில் தெளிவாகக் காட்ட முடியாவிட்டால் எடுத்துவிட்டார்கள். நான்கு ஆண்டு உழைப்பில் பெரும்பகுதி இந்தத் தெளிவுக்கே போயிருக்கிறது. பழைய கேசட் விளையாட்டுகளின் படம் அப்படி இருந்ததற்குக் கருவியின் வரம்பு காரணம். இங்கே அப்படி இருப்பது, ஆடுபவரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பதற்காக.

பழைய நினைவுக்காகவே செய்யப்பட்ட விளையாட்டு எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் 'வார்குரூவ்' ஆடிப் பாருங்கள். சக்கிள்ஃபிஷ் நிறுவனம் 2019 பிப்ரவரியில் வெளியிட்டது. 2001-இல் கேம்பாய் அட்வான்ஸில் வந்த 'அட்வான்ஸ் வார்ஸ்' மேல் வைத்த அன்பால் பிறந்தது, அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. படம் கொள்ளை அழகு. நாமே களம் அமைக்கும் வசதியையும் அள்ளிக் கொடுத்தார்கள். ஆனால் பழைய விளையாட்டின் பழைய தொல்லைகளும் கூடவே வந்துவிட்டன. ஒரு களம் ஒரு மணி நேரம் போகும்; கடைசியில் தலைவர் விழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆடியவர்கள் பலமாகக் குரல் கொடுத்தார்கள். சண்டையின் நடுவில் திரும்பி வருவதற்கான இடங்களும் எளிதாக்கும் வசதிகளும் பின்னர் அப்டேட்டில் வந்தன. அந்த ரசிகர்கள் பழைய நினைவில் திளைத்தவர்கள்தான், ஆனாலும் வேண்டாததை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்கள். ஆகவே பிக்சல் படத்தைக் கண்டதும் மயங்கிவிடும் கூட்டம் என்று யாரையும் ஒதுக்கிவிட வேண்டாம்.

புதிர் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பாதி சரி. ஒரு முறையை மட்டும் தனியே எடுத்தால் அது புதிர்தான். ஆனால் புதிருக்கு விடை உண்டு என்ற உறுதி இருக்கும். இங்கே அந்த உறுதி இல்லை. அடுத்து எந்தப் பூச்சி எங்கே முளைக்கும் என்பது தெரியாது. பல முறைகளில் எல்லாவற்றையும் காப்பாற்ற வழியே இருக்காது. அப்போது எதை இழப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டும்: குடியிருப்புகள் இடிய இடியக் குறையும், தீர்ந்தால் ஆட்டமே முடியும் மின்தொகுப்பில் ஒரு புள்ளியா, பரிசு தரும் ரயிலா, ரோபோவை ஓட்டும், நன்றாகத் தேறிய விமானியா? ரோபோ அடிபட்டால் சண்டை முடிந்ததும் சரியாகிவிடும். குடியிருப்பு இடிந்தால் அந்த மின்சாரம் போனது போனதுதான், எளிதில் மீளாது. அனுபவமுள்ளவர்கள் கட்டடத்துக்கு முன்னால் ரோபோவை நிறுத்தி அடியைத் தாங்கச் செய்வது அதனால்தான். சூப்பர் ஹீரோ படங்களில் நாயகனும் வில்லனும் அடித்துக்கொள்ள நகரமே தரைமட்டமாகும், யாரும் அதைப் பற்றிக் கவலைப்படமாட்டார்கள். அந்த அலட்சியம்தான் தங்களை இந்தத் திசையில் யோசிக்கவைத்தது என்று உருவாக்கியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஊரைக் காப்பது முதல் வேலை, பூச்சியைக் கொல்வது இரண்டாவது. இது வியூகம் இல்லையென்றால் வேறு எதை வியூகம் என்பது?

உங்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். படை திரட்டி, எல்லையை விரித்து, நீண்ட போரை நடத்தும் இன்பம் இதில் கிடையாது. ஐந்து முறைக்குள் முடியும் சண்டையில் அதற்கு இடமில்லை. கதை மெலிந்தது. ஆட்டம் நடக்கும் தீவுகள் நான்கும் ஓரளவு பழகிய பின் களங்கள் ஒன்றுபோலத் தோன்றுவதும் உண்மை. 2022 ஜூலையில் ஐந்து புதிய அணிகளோடு வந்த விரிவாக்கம், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இலவசமாகவே கிடைத்தது. அது இந்தக் குறையைக் குறைத்தது, நீக்கவில்லை. 2018-இன் சிறந்த வியூக விளையாட்டு என்று கேம் அவார்ட்ஸ் விருதும் அடுத்த ஆண்டு பாஃப்டா விருதும் கிடைத்தன என்பதற்காக உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

ஆனால் இப்போதைக்கு விட்டுவிடாதீர்கள். எக்ஸ்காம் கண்ணோடு ஆடியிருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. 'ஈஸி' நிலையில் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் கையை வைப்பதற்கு முன் தாக்குதல் வரிசையைத் திரையில் வரவழைத்துப் பாருங்கள், பலர் அப்படி ஒரு வசதி இருப்பதையே கவனிப்பதில்லை. ஆயுதத்தைப் பயன்படுத்தாதவரை நகர்வைத் திரும்பப் பெறலாம். ஒரு சண்டைக்கு ஒரு தடவை முறை முழுவதையுமே அழித்து மீண்டும் ஆடலாம், அதைக் கடைசி வரை சேர்த்துவைக்காமல் செலவழியுங்கள். நான்கு தீவுகளையும் காத்து முடிக்க வேண்டியதில்லை. இரண்டு தீவுகள் முடிந்ததுமே இறுதிக் களத்துக்குப் போக முடியும். அங்கே தோற்றாலும் ஒரு விமானியை அடுத்த ஆட்டத்துக்கு அழைத்துச் செல்லலாம்.

சாதனைகளுக்குக் கிடைக்கும் நாணயங்களைக் கொண்டு 'ரஸ்டிங் ஹல்க்ஸ்' அணியைத் திறந்துகொள்ளுங்கள். புகை சூழ்ந்த கட்டத்தில் நிற்கும் பூச்சியால் தாக்க முடியாது, அந்த அணியின் ஆட்டம் முழுவதும் அதைச் சுற்றியே நடக்கிறது. அதைக் கொண்டு இரண்டு தீவுகளைக் கடந்த பிறகும் உங்கள் கருத்து இதேதான் என்றால் மறுபடி எழுதுங்கள், அந்தக் கடிதத்தையும் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்