"சம்பா பணம் வரட்டும்" என்கிறார். ஃபீஸ் எப்படி வாங்குவது?

கேள்வி: கும்பகோணத்தில் தனியாகத் தொழில் ஆலோசகராக இருக்கிறேன். மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றுக்குக் கணக்கு, கொள்முதல், உமி விற்பனை எல்லாவற்றையும் எட்டு மாதம் ஒழுங்குபடுத்திக் கொடுத்தேன். மாதம் 25,000 ரூபாய் என்று வாய்ப்பேச்சு. மூன்று மாதம் வந்தது. 1,25,000 ரூபாய் பாக்கி. ஜனவரி கடைசியில் வேலை முடிந்தது. கேட்டால் "சம்பா பணம் வரட்டும் சார்" என்கிறார். அவர் மூலமாகவே இன்னும் இரண்டு ஆலைகள் என்னை அழைத்திருக்கின்றன. நோட்டீஸ் விட்டால் உறவு போய்விடுமோ?

பதில்: இப்போதைக்கு நோட்டீஸ் வேண்டாம். ஆனால் சும்மா இருப்பதும் உறவைக் காப்பாற்றாது. பாக்கி கேட்கக் கூச்சப்பட்டு நீங்கள் போனைக் குறைப்பீர்கள், கொடுக்காத சங்கடத்தில் அவர் எடுப்பதைக் குறைப்பார். இப்படி முறிந்த நட்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எழுத்து இல்லையே என்று பயப்படாதீர்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். அதன் 70-ஆவது பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது. நீங்கள் அனுப்பிய உமிக் கணக்குக்கு அவர் "பார்த்தேன், அப்படியே செஞ்சிடுவோம்" என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்தால், அந்த ஒரு வரி உங்களுக்குச் சாட்சி. போனை மாற்றினாலும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். அப்புறம், உங்கள் பேரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏ.எஸ். படிவத்தை வருமான வரித் தளத்தில் பாருங்கள். ஆலை உங்கள் பேரில் டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வரி) பிடித்திருந்தால், ஃபீஸுக்குத்தான் பணம் கொடுத்தோம் என்று அவர்களே வருமான வரித் துறைக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

நேரில் போங்கள். மாதவாரியாகச் செய்த வேலை, வந்த தொகை, பாக்கி மூன்றையும் ஒரே தாளில் எழுதி, "கணக்கு சரிதானா அண்ணே, பார்த்துச் சொல்லுங்க" என்று கொடுங்கள். கீழே தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். ஐந்து தவணையாகத் தருகிறேன் என்றாலும் ஒப்புக்கொள்ளலாம். வேலை முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டுதான் வழக்குப் போடக் காலவரம்பு. அதற்குள் கடனை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்டால் அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு புதிதாக ஓடும்.

அவர் மசியவில்லை என்றால், வழக்குக்கு முன் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள். கட்டணம் கிடையாது. அந்தக் குழு நடத்தும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசமானால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதால் பகையும் குறைவு.

இப்போது புது ஆலைகள். முதலில் உத்யம் (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) செய்யுங்கள், இலவசம்தான். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்துக்கு 45 நாளைத் தாண்டித் தவணை பேசவே முடியாது. "அறுவடைக்கு அப்புறம்" என்று எழுதினாலும் 45 நாள்தான் எல்லை. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு, மாதக் கூட்டு வட்டி. பழைய பாக்கிக்கு இதை நம்பாதீர்கள். பதிவுக்கு முந்தைய வேலைக்குப் பொருந்தாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பிறகு தமிழில் ஒரே பக்கக் கடிதம்: என்ன வேலை, எது சேராது, ஃபீஸ் எந்தத் தேதியில், யார் விலகினாலும் எத்தனை நாள் முன்னறிவிப்பு. இன்னொன்றை நீங்கள் யோசித்த மாதிரித் தெரியவில்லை. மூன்று ஆலைகளும் ஒரே வட்டாரத்தில் நெல் வாங்குகிறவை. ஒருவரின் கொள்முதல் விலை இன்னொருவர் காதுக்குப் போனதாகச் சந்தேகம் வந்தாலே மூன்று பேரையும் இழப்பீர்கள். மற்ற ஆலைகளுக்கும் வேலை செய்கிறேன் என்பதையும், யார் கணக்கும் வெளியே போகாது என்ற உறுதியையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். கையெழுத்தான பிறகு கணக்குப் புத்தகத்தைத் தொடுங்கள்.