வாசகர் கேள்வி – பதில்: ஒன்றோடொன்று முரண்படும் தாள்களைக் கொடுங்கள்

கேள்வி: ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பாடத்தோடு செய்தித் துணுக்கு, கட்டுரை என்று கூடுதலாகக் கொடுத்தாலும் பிள்ளைகள் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறார்கள். எங்கே தவறு?
– ஆசிரியை, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: ஒரே செய்தியை வேறு வார்த்தைகளில் சொல்லும் தாள்களாகக் கொடுத்திருப்பீர்கள். முதல் தாளிலேயே எல்லாம் தெரிந்துவிட்டால் இரண்டாவதை ஏன் வாசிக்க வேண்டும்? கருத்து முட்டிக்கொள்ளும் தாள்கள்தான் பிள்ளைகளை இழுக்கும். 15 வயதினருக்கான பிசா (PISA) என்னும் பன்னாட்டுத் தேர்வில் 2018-இல் ராப்பா நூயி (ஈஸ்டர்) தீவை வைத்து இப்படித்தான் கேட்டார்கள்: அங்கே மரங்கள் அழிந்தது மனிதர்களாலா, எலிகளாலா?

உங்களுக்குப் பக்கத்திலேயே தனுஷ்கோடி இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர் ரயிலை அலை அடித்துப் போனது. அதில் இறந்தவர்கள் 115 பேர் என்று ஒரு கட்டுரை சொல்லும். 200 என்று இன்னொன்று. அந்த இரண்டையும், இராமேசுவரம் தீவின் வரைபடம் ஒன்றையும் எடுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் அரைப் பக்கம், 14 புள்ளி எழுத்தில் தட்டச்சு செய்தது. செய்தித்தாளை அப்படியே நகலெடுத்தால் பொடி எழுத்திலேயே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

முதல் பிரிவேளையில் வரைபடம், முதல் கட்டுரை. மறுநாள்தான் இரண்டாவது. சேர்த்துக் கொடுத்தால் எண்ணை மட்டும் தேடிப் பிடித்துவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள். நோட்டில் மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள்: யார், எப்போது எழுதியது; என்ன சொல்கிறது; அது அவருக்கு எப்படித் தெரியும். மூன்றாவது கட்டம்தான் உயிர். டிக்கெட் எடுத்தவர்களை மட்டும் எண்ணினார்களா, எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தார்களா என்ற கேள்வி அங்கேதான் பிறக்கும். அதற்கு இடம் தரும் வரி உள்ள கட்டுரையாகப் பார்த்து எடுங்கள். “எது சரி மிஸ்?” என்பார்கள். உடனே சொல்லிவிடாதீர்கள், எந்த வரியை வைத்துச் சொல்கிறாய் என்று திருப்பிக் கேளுங்கள்.

கேள்வித்தாளுக்கு ஒரு சோதனை: ஒரு தாளை மறைத்துவிட்டுக் கேள்வியைப் படியுங்கள். அப்போதும் விடை கிடைத்தால் அந்தக் கேள்வியை மாற்றுங்கள்.

கேள்வி: எழுத்துக்கூட்டி வாசிக்கும் நான்கைந்து பேரை என்ன செய்வது?
– ஆசிரியர், திருவாரூர்

பதில்: பொருளை மாற்றாதீர்கள், தாளை மட்டும் எளிமையாக்குங்கள். அதே செய்தியை எட்டு வரியில், ஒரு வரிக்கு ஐந்தாறு சொல்லாக எழுதிக் கொடுங்கள். தமிழக அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் எளிய ‘நுழை’, ‘நட’ நிலைகளைப் பார்த்தால் வாக்கிய நீளம் பிடிபடும். குழுவுக்கு ஒரு தாள் என்று பிரித்துக் கொடுத்தால், இவர்கள் மற்றவர் சொல்வதைக் கேட்டே ஒப்பேற்றிவிடுவார்கள். எனவே எல்லோர் கையிலும் எல்லாத் தாளும் இருக்கட்டும். வரைபடம், படம் என்று அதையே எப்போதும் இவர்களிடம் தள்ளிவிடுவதும் கூடாது. வகுப்பில் உரக்க வாசிக்க வைப்பதானால், பக்கத்துப் பிள்ளையோடு இரண்டு முறை வாசித்துப் பார்த்த பிறகே எழுப்புங்கள்.