ஒரே பணி இரண்டு முறை ஓடினால்?
நிரலாக்கம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பைத்தான் மொழியின் வலைக் கட்டமைப்பான ஜாங்கோவில் ஓர் இணையதளம் உருவாக்கியிருக்கிறேன். புதிய பயனர் பதிவு செய்ததும் வரவேற்பு மின்னஞ்சல் அனுப்பும் இடத்தில் பக்கம் சில விநாடிகள் அப்படியே நின்றுவிடுகிறது. செலரியைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். ஒரு திரெட்டை (நிரலுக்குள்ளேயே இணையாக ஓடும் இழையை) தொடங்கி அதில் மின்னஞ்சலை அனுப்பிவிட்டால் போதாதா? (கல்லூரி மாணவர்)

பதில்: திரெட் ஓடும். ஆனால் அது உங்கள் வலைச் செயலியின் நினைவகத்துக்குள்ளேயே இருக்கிறது. புதிய பதிப்பை ஏற்றுவதற்காகச் செயலியை நிறுத்தித் தொடங்கினாலோ, நினைவகம் போதாமல் இயங்குதளமே அதை நிறுத்திவிட்டாலோ, பாதியில் விடுபட்ட மின்னஞ்சல்கள் எவை என்று தெரிந்துகொள்ள எந்தப் பதிவும் மிஞ்சாது. பணிவரிசையை நாடுவதற்கு முதன்மையான காரணம் இதுதான்: செய்ய வேண்டிய வேலை, அதைக் கேட்ட நிரலுக்கு வெளியே, அந்த நிரல் நின்றாலும் அழியாத ஓரிடத்தில் குறித்துவைக்கப்படுகிறது.

செலரி என்பது இத்தகைய பணிவரிசையை நடத்த ஆஸ்க் சோலம் 2009-இல் வெளியிட்ட பைத்தான் நிரல்தொகுப்பு. உங்கள் ஜாங்கோ நிரல் ‘இன்ன பணியை, இன்ன உள்ளீடுகளுடன் செய்’ என்று ஒரு செய்தியை எழுதி, புரோக்கர் எனப்படும் இடைநிலை மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டு உடனே பயனருக்குப் பதில் அனுப்பிவிடுகிறது. புரோக்கராகப் பெரும்பாலும் ரெடிஸ் அல்லது ராபிட்எம்க்யூ இருக்கும். வேறொரு கணினியில்கூட இருக்கக்கூடிய வொர்க்கர் என்னும் தனி நிரல், அந்தச் செய்தியை எடுத்து வேலையைச் செய்கிறது. வேலை பெருகினால் வொர்க்கர்களைக் கூட்டிக்கொள்ளலாம். வலைச் செயலியைத் தொட வேண்டியதில்லை. பணியின் விளைவு பிறகு தேவைப்படுமானால் அதைச் சேமிக்க இன்னோர் இடம் வேண்டும். வரவேற்பு மின்னஞ்சலுக்கு அது தேவையில்லை என்பதால் விளைவைப் புறக்கணிக்கும்படி அமைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் செலரியும் ரெடிஸும் பயன்படுத்துகிறோம். பொருள் அனுப்பப்பட்டு ஆறு மணி நேரம் கழித்து ரசீது செல்ல வேண்டும் என்பதால், அந்தப் பணியைக் கவுன்ட்டவுன் கொடுத்து வரிசையில் இடுகிறோம். சில வாடிக்கையாளர்களுக்கு ஒரே ரசீது பலமுறை போய்ச் சேருகிறது. எங்கள் நிரலில் பணியை ஒரே இடத்தில், ஒரே ஒருமுறைதான் அழைக்கிறோம். பிழை எங்கே? (நிரலாளர், சிறு வணிக நிறுவனம்)

பதில்: பிழை உங்கள் அழைப்பில் இல்லை, ஒப்புகையில் இருக்கிறது. வொர்க்கர் ஒரு செய்தியை எடுத்ததும் புரோக்கர் அதை அழித்துவிடுவதில்லை. ‘கிடைத்தது, இனி என் பொறுப்பு’ என்னும் ஒப்புகை வரும்வரை அதைத் தனியே வைத்திருக்கிறது. குறித்த நேரம் வரை ஒப்புகை வராவிட்டால், வொர்க்கர் இறந்துவிட்டது என்று கொண்டு அதே செய்தி மீண்டும் வரிசையில் சேர்க்கப்படுகிறது. ரெடிஸுடன் செலரி இயங்கும்போது அந்தக் கால அளவின் பெயர் விசிபிலிட்டி டைம்அவுட். நீங்கள் மாற்றாத வரை அது 1 மணி நேரம்.

இப்போது உங்கள் ரசீதைப் பின்தொடர்ந்து பாருங்கள். காலை பத்து மணிக்கு இடப்பட்ட பணியை ஒரு வொர்க்கர் உடனே எடுத்துத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு மாலை நான்கு மணிக்காகக் காத்திருக்கிறது. ஓடத் தொடங்கும்வரை ஒப்புகை அனுப்புவதில்லை. பதினொரு மணிக்குக் கெடு முடிகிறது, செய்தி மீண்டும் வரிசைக்கு வருகிறது, இன்னொரு வொர்க்கர் அதை எடுத்து அதுவும் நான்கு மணிக்காகக் காத்திருக்கிறது. பன்னிரண்டு மணிக்கும் அதன் பிறகும் இதுவே தொடர்கிறது. நான்கு மணியானதும் கையில் வைத்திருக்கும் பிரதிகளையெல்லாம் வொர்க்கர்கள் அடுத்தடுத்து ஓட்டிவிடுகின்றன. சோதனைக் கணினியில் பத்து விநாடி கவுன்ட்டவுன் கொடுத்துப் பார்க்கும்போது இது ஒருபோதும் தென்படாது என்பதுதான் இதில் கொடுமை.

விசிபிலிட்டி டைம்அவுட்டை உங்கள் மிக நீண்ட கவுன்ட்டவுனைவிடக் கூடுதலாக வைக்கலாம். உடனடித் தீர்வு அதுவே. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. மின்சாரம் போய் ஒரு வொர்க்கர் திடீரென நின்றால், அதன் கையிலிருந்த பணிகள் அத்தனை நேரமும் யாருக்கும் கிடைக்காமல் முடங்கிக் கிடக்கும். ஆகவே மணிக்கணக்கிலான காத்திருப்பை வரிசையிடம் ஒப்படைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அனுப்ப வேண்டிய நேரத்தை ரசீது அட்டவணையிலேயே எழுதிவையுங்கள். செலரியின் காலஅட்டவணை நிரலான பீட், நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிறு பணியை எழுப்பி, நேரம் வந்துவிட்ட ரசீதுகளை மட்டும் வரிசையில் இடட்டும். பீட் எப்போதும் ஒன்றே ஒன்றுதான் ஓட வேண்டும். இரண்டு சர்வர்களில் இரண்டு பீட் ஓடினால் எல்லாமே இரட்டிப்பாகும்.

இவற்றைச் செய்த பிறகும் பணி இரண்டு முறை ஓடாது என்று யாரும் உறுதி கூற முடியாது. செலரியின் இயல்பான அமைப்பில் பணி ஓடுவதற்குச் சற்று முன்பே ஒப்புகை போய்விடுகிறது. பதிவுத் தபாலுக்குக் கையெழுத்திட்டு வாங்குவது போலத்தான். வாங்கியவர் அதைப் பிரித்துப் படித்தாரா என்பது தபால்காரருக்குத் தெரியாது. வொர்க்கர் பாதியில் நின்றால் அந்தப் பணி தொலைந்தது. ‘ஆக்ஸ் லேட்’ என்னும் அமைப்பை இயக்கினால், பணி முடிந்த பிறகே ஒப்புகை செல்லும். அப்போது பணி தொலைவதற்கான வாய்ப்பு வெகுவாகக் குறைந்து, இருமுறை ஓடுவதற்கான வாய்ப்பு வந்து சேர்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஆக்ஸ் லேட்டை இயக்கிய பிறகும், பணியை ஓட்டும் உட்செயலி நினைவகம் மிகுந்து கொல்லப்பட்டால், செலரி அதற்கும் ஒப்புகை அனுப்பிவிடுகிறது. அதை மாற்றவும் ஓர் அமைப்பு இருக்கிறது. ஆனால் நினைவகத்தை விழுங்கும் பணி ஒன்று மீண்டும் மீண்டும் வந்து ஒவ்வொரு வொர்க்கராக வீழ்த்திக்கொண்டே இருக்கும் அபாயத்தை யோசித்த பிறகே அதைத் தொடுங்கள்.

எனவே பணியை எழுதும்போதே, அது இரண்டாம் முறை ஓடினாலும் தீங்கு நேராதபடி எழுத வேண்டும். ரசீது அட்டவணையில் ‘அனுப்பத் தொடங்கிய நேரம்’ என்று ஒரு புலம் சேர்த்துக் காலியாக விடுங்கள். பணியின் முதல் வரி, ‘இந்த எண்ணுள்ள ரசீதில் அந்தப் புலம் காலியாக இருந்தால் மட்டும் இப்போதைய நேரத்தை எழுது’ என்னும் ஒரே அப்டேட் கட்டளையாக இருக்கட்டும். மாற்றப்பட்ட பதிவுகளின் எண்ணிக்கை 1 என்று தரவுத்தளம் சொன்னால் மின்னஞ்சலை அனுப்புங்கள். 0 என்றால் வேறொரு வொர்க்கர் முந்திக்கொண்டது, பேசாமல் திரும்பிவிடுங்கள். முதலில் படித்துப் பார்த்துவிட்டுப் பிறகு எழுதலாம் என்று இரண்டு கட்டளைகளாகப் பிரித்துவிடாதீர்கள். இரண்டு வொர்க்கர்களும் ஒரே நொடியில் படித்தால் இரண்டுக்கும் அது காலியாகவே தெரியும்.

நேரத்தை எழுதிய பின், மின்னஞ்சல் போகும் முன் வொர்க்கர் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ‘அனுப்பி முடித்த நேரம்’ என்று இன்னொரு புலம் வேண்டும். தொடங்கி வெகுநேரமாகியும் முடியாதவற்றைத் தனியே எடுத்து, மறுபடி அனுப்புவதா, ஒருவர் பார்த்து முடிவு செய்வதா என்பதை வேலையின் தன்மையைக் கொண்டு தீர்மானியுங்கள். ரசீது இரண்டாவது முறை போனால் வாடிக்கையாளர் சலித்துக்கொள்வார், அவ்வளவுதான். பணப்பரிமாற்றம் அப்படியல்ல. ஸ்ட்ரைப் போன்ற கட்டணச் சேவைகள் ஒவ்வொரு கோரிக்கையுடனும் ஒரு தனித்த சாவியை ஏற்று, அதே சாவியுடன் மீண்டும் வரும் கோரிக்கைக்கு முதல் முறை கொடுத்த பதிலையே கொடுக்கின்றன. அந்தச் சாவியை ஆர்டர் பதிவாகும்போதே உருவாக்கிச் சேமித்துவிடுங்கள். பணிக்குள் உருவாக்கினால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுச் சாவி பிறக்கும். பாதுகாப்பே இல்லாமல் போகும்.

கேள்வி: ஆர்டரைச் சேமித்த மறுவரியிலேயே பணியை வரிசையில் இடுகிறேன். சில நேரங்களில் மட்டும் ‘அப்படி ஓர் ஆர்டர் இல்லை’ என்று வொர்க்கர் பிழை காட்டுகிறது. பிறகு தரவுத்தளத்தில் பார்த்தால் ஆர்டர் இருக்கிறது.

பதில்: உங்கள் டிரான்சாக்ஷன் (ஒன்றாகச் சேர்ந்தே நிறைவேறும் தரவுத்தள மாற்றங்களின் தொகுப்பு) கமிட் ஆவதற்குள், அதாவது தரவுத்தளத்தில் உறுதியாவதற்குள், வொர்க்கர் ஓடி முடித்துவிடுகிறது. கமிட் ஆகும்வரை அந்த ஆர்டர் வேறு இணைப்புகளுக்குத் தெரியாது. ஜாங்கோ 1.9 முதல் உள்ள ஆன்-கமிட் வசதியைக் கொண்டு, கமிட் ஆன பிறகே பணி வரிசைக்குச் செல்லுமாறு எழுதுங்கள், செலரி 5.4-இல் இதற்கென்றே சுருக்கமான அழைப்பு ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. கூடவே ஒன்று: பணிக்கு ஆர்டரை முழுவதுமாக அனுப்பாமல் அதன் எண்ணை மட்டும் அனுப்புங்கள். முழுப் பொருளையும் அனுப்பினால், வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் முகவரி திருத்தப்பட்டிருந்தாலும் வொர்க்கர் பழைய முகவரிக்கே வேலை செய்யும். செலரி 4.0 முதல் செய்திகள் இயல்பாக ஜேசான் என்னும் எளிய உரை வடிவில் செல்வதால், பைத்தானின் பிக்கிள் வடிவில் முழுப் பொருளையும் அனுப்பும் பழைய பழக்கம் குறைந்திருக்கிறது. புரோக்கரில் நுழையும் அந்நியர் ஒருவர் பிக்கிள் செய்தி வழியாக வொர்க்கரில் எந்த நிரலையும் ஓட்டிவிட முடியும் என்பதால் அந்த மாற்றம் மிகவும் வரவேற்கத்தக்கது.

கேள்வி: மாத அறிக்கை தயாரிக்கும் பெரிய பணிகள் ஓடும் நாள்களில், கடவுச்சொல் மாற்றும் மின்னஞ்சல்கள் வெகுநேரம் தாமதமாகின்றன. சில வொர்க்கர்கள் சும்மா இருந்தும் இப்படி நடக்கிறது.

பதில்: செலரி வொர்க்கர், ஓட்டும் பணிகளுக்கு மேலாகச் சிலவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும். ஓர் உட்செயலிக்கு எத்தனை செய்தி என்பதைக் குறிக்கும் பெருக்கி இயல்பாக 4. எட்டு உட்செயலிகள் உள்ள வொர்க்கர் 32 செய்திகளைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும். அறிக்கைகளுக்குப் பின்னால் சிக்கிய மின்னஞ்சலை, பக்கத்தில் சும்மா இருக்கும் வொர்க்கரால் எடுக்க முடியாது. அறிக்கைகளுக்குத் தனி வரிசையும் தனி வொர்க்கரும் ஒதுக்குங்கள். அந்த வொர்க்கரில் பெருக்கியை 1 ஆக்குங்கள். நீங்கள் ராபிட்எம்க்யூ வைத்திருந்து, ஆக்ஸ் லேட்டும் இயக்கியிருந்தால், அரை மணி நேரத்துக்குள் ஒப்புகை வராத சேனலை (இணைப்புக்குள் இருக்கும் தனித் தடத்தை) அதன் புதிய பதிப்புகள் மூடிவிடும் என்பதை நினைவில் கொண்டு, நீண்ட அறிக்கையைச் சிறு பணிகளாகப் பிரித்துவிடுவது நல்லது.

கேள்வி: குறுஞ்செய்தி அனுப்பும் வெளிச்சேவை அடிக்கடி நின்றுபோகிறது. பணி தோற்றால் எத்தனை முறை மறுமுயற்சி செய்யலாம்?

பதில்: எண்ணிக்கையைவிட இடைவெளி முக்கியம். செலரி மறுமுயற்சிக்கு இயல்பாக 3 நிமிட இடைவெளியும் 3 முயற்சிகளும் வைத்திருக்கிறது. நின்றுபோன சேவை எழுந்திருக்கும் வேளையில், தோற்ற பணிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் போய் மோதினால் அது மறுபடி விழும். இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கும் பேக்ஆஃப் வசதியை இயக்குங்கள். அதனுடன் சேர்ந்து வரும் ஜிட்டர், இடைவெளியைத் தற்போக்காகக் கலைத்துவிடுவதால் பணிகள் ஒன்றாகத் திரண்டு போகாது. இணைப்பு அறுந்தது, நேரம் கடந்தது போன்ற தற்காலிகப் பிழைகளுக்கு மட்டும் மறுமுயற்சி வையுங்கள். தவறான கைப்பேசி எண் பத்தாவது முறையிலும் தவறாகவே இருக்கும்.

கேள்வி: நாளொன்றுக்குச் சில நூறு பின்னணிப் பணிகள் மட்டுமே உள்ள தளத்துக்கு இவ்வளவும் தேவையா?

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. நீங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வைத்திருந்தால் அதிலேயே ஓர் அட்டவணையை வரிசையாகப் பயன்படுத்தலாம். 2016-இல் வந்த 9.5 பதிப்பு முதல் ‘ஸ்கிப் லாக்ட்’ வசதி இருக்கிறது. ஒரு வொர்க்கர் பூட்டி வைத்திருக்கும் பதிவை மற்றவை தாண்டிச் சென்று அடுத்ததை எடுத்துக்கொள்ளும். ஆர்டரும் அதற்கான பணியும் ஒரே டிரான்சாக்ஷனில் எழுதப்படுவதால், மேலே ஒருவர் கேட்ட ‘ஆர்டர் இல்லை’ என்னும் சிக்கல் எழவே எழாது. ஜாங்கோ 6.0-இல் பணிகளுக்கான பொது இடைமுகம் ஒன்று சேர்ந்திருக்கிறது. ஆனால் அதனுடன் வருபவை மேம்பாட்டுக்கும் சோதனைக்கும் உரியவை, உண்மையான வொர்க்கரை நீங்கள்தான் வெளியிலிருந்து இணைக்க வேண்டும். அந்த இடைமுகத்தின்படி இப்போதே எழுதிவைத்தால், பணிகள் பெருகும் காலத்தில் பின்னால் இருக்கும் வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.