அடுப்புச் சுவருக்கு ஒரு லட்சம் போடலாமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் எங்கள் வீடு. குசினிச் சுவருக்கு வெறும் பெயின்ட்தான். அடுப்புக்குப் பின்னால் எண்ணெயும் மஞ்சளும் ஏறி, வருடா வருடம் சுரண்டிப் பூச வேண்டியிருக்கிறது. அடுப்பு வைக்கும் மேடை, அதாவது ஸ்லாப், எல் வடிவம்: ஒரு பக்கம் 10 அடி, மறுபக்கம் 6 அடி. இவருக்குக் கலர்க் கண்ணாடி பிடித்துவிட்டது. கொழும்பிலிருந்து எடுத்துத் தர சதுர அடிக்கு 2,400 ரூபா, ஏற்றுக்கூலியும் பொருத்துக்கூலியும் 12,000 என்று விலை சொல்லியிருக்கிறார்கள். பீவீசி ஷீட் என்றால் 15,000 உடன் முடியும் என்கிறான் தம்பி. பக்கத்து வீட்டில் ஸ்டீல் தகடு அடித்திருக்கிறார்கள். எங்களிடம் 2 லட்சம் ரூபா நிலையான வைப்பில் இருக்கிறது. 8 வீத வட்டி, தை மாதக் கடைசியில் முதிரும். இப்போது முறித்தால் 3 வீதம்தான் தருவார்களாம். என் சம்பளம் 68,000. கார்டில் 24 மாதத் தவணை, 8 வீதக் கட்டணம் என்றும் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் காப்பை அடகு வைக்கலாமா என்றும் யோசனை. டைல், கண்ணாடி விலைக்குறிப்புகளை இணைத்திருக்கிறேன்.
— ஓர் ஆசிரியை, உப்புவெளி

பதில்: டைல் போடுங்கள், தை முடிந்த பிறகு போடுங்கள், வைப்பு முதிர்ந்து வரும் காசில் போடுங்கள். காப்பு கையிலேயே இருக்கட்டும். சுவருக்காக நகை அடகுக்கடைக்குப் போகத் தேவையில்லை.

முதலில் அளவு. 16 அடி நீளம், ஸ்லாப்புக்கு மேல் 2 அடி உயரம்: 32 சதுர அடி. அடுப்புக்குப் பின்னால் மட்டும் 3 அடி அகலத்துக்கு இன்னும் 2 அடி ஏற்றினால் 6 சதுர அடி. மொத்தம் 38. கூரை வரை ஒட்டச் சொல்வார்கள், கேட்க வேண்டாம். எண்ணெய் தெறிக்கும் உயரத்துக்கு மேலே நல்ல பெயின்ட் போதும்.

உங்கள் கண்ணாடிக் கணக்கு: 38 சதுர அடிக்கு 91,200, அதோடு 12,000, ஆக 1,03,200 ரூபா. கார்டில் போட்டால் 8 வீதக் கட்டணம் 8,256 சேர்ந்து 1,11,456. மாதம் 4,644 வீதம் இரண்டு வருடம். இதை வட்டியில்லாத் தவணை என்பார்கள். அந்த 8,256 வேறு பெயரில் வாங்கும் வட்டிதான். கார்ட் பில்லை ஒரு மாதம் கட்டத் தவறினால் தவணைத் திட்டத்தையே ரத்துச் செய்து, மிச்சக் காசுக்கு வழக்கமான கார்ட் வட்டி போடும் நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

டைலுக்கு 300க்கு 600 மில்லிமீற்றர் அளவில், வழுவழுப்பான செராமிக் சுவர் டைல் எடுங்கள். மேடுபள்ளம் வைத்த டைல் கடையில் அழகாய்த் தெரியும். மீன் பொரித்த எண்ணெய் அந்தப் பள்ளங்களில் இறுகிவிட்டால் எந்தத் துணியாலும் வராது. ஒரு டைல் 1.94 சதுர அடி. 38 சதுர அடிக்கு 20 டைல், வெட்டுச்சேதத்துக்கு 2. பெட்டிக்கு 8 என்பதால் 3 பெட்டி வாங்க வேண்டிவரும். 2 டைல் மிஞ்சும். மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அம்மிக்குழவியோ தாச்சியோ பட்டு ஒன்று வெடித்தால், அதே ஷேட் எண்ணில் (பெட்டியில் போட்டிருக்கும் நிறத்தொகுதி எண்) இன்னொன்று பிறகு கிடைக்காது. வாங்கும்போதே மூன்று பெட்டியிலும் ஷேட் எண் ஒன்றா என்று பாருங்கள்.

சதுர அடி 280 ரூபாப்படி 46.5 சதுர அடிக்கு 13,020. ஒட்டும் கலவை 25 கிலோ பை ஒன்று 2,200. டைல் இடுக்கை அடைக்கும் க்ரவுட்டில் எபொக்சி க்ரவுட் ஒரு கிலோ 3,200, சாதாரண க்ரவுட் ஒரு கிலோ 450, ஓரப்பட்டி மூன்று 1,800, சிலிக்கன் ஒரு குழாய் 1,200. மேசன் இரண்டு நாள் 10,000, கையாள் இரண்டு நாள் 7,000. பெயின்ட் கொத்த முதல்நாள் கையாளுக்கு மட்டும் 3,500. சீமெந்தும் மணலும் 1,500, ஆட்டோ 1,000. கூட்டினால் 44,870. எதிர்பாராச் செலவு சேர்த்து 50,000 ஒதுக்குங்கள். கண்ணாடித் தவணையோடு பார்த்தால் 61 ஆயிரத்துச் சொச்சம் மிச்சம், கிட்டத்தட்ட உங்கள் ஒரு மாதச் சம்பளம்.

விலையை விட என்னை யோசிக்க வைப்பது கண்ணாடியின் பழுதுதான். அடுப்புச் சுவருக்குப் போடுவது டெம்பர்ட் கண்ணாடி, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கியது; அதன் பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. ப்ளக் துளை அரை அங்குலம் பிசகினால் தகடு முழுவதும் வீண்; புதியது 260 கிலோமீற்றர் தாண்டி வர வேண்டும். சுவர் நேராக இல்லாவிட்டால் இறுக்கிப் பொருத்தும்போதே நொறுங்கிவிடலாம். பின்பக்கம் பெயின்ட் அடித்த கண்ணாடிக்கு நியூட்ரல் சிலிக்கன் வேண்டும். வினாகிரி வாசம் வரும் மலிவுச் சிலிக்கன் நாளடைவில் பெயின்டைத் தின்னும். உங்கள் கணவருக்கு ஆசை அடங்காவிட்டால் அடுப்புக்குப் பின்னால் 12 சதுர அடிக்கு மட்டும் கண்ணாடி, மிச்சத்துக்கு டைல். கூலி அதே 12,000 என்றால் மொத்தம் 80,000ஐ ஒட்டி வரும். அது ரொக்கத்தில் என்றால் நான் தடுக்கமாட்டேன்.

பீவீசி ஷீட் சுமார் 80 பாகையிலேயே இளகத் தொடங்கும். காஸ் அடுப்பில் அகலமான தாச்சி வைத்தால் சுவாலை பக்கவாட்டில் சீறி, பின்சுவர் அந்தச் சூட்டைத் தாண்டும். ஷீட் நெளியும், மஞ்சளாகும், தீப்பிடித்தால் நச்சுப் புகையும் வரும். சிங்குக்குப் பின்னால் ஒட்டலாம். அடுப்புக்குப் பின்னால் கூடவே கூடாது. அலுமினியக் கொம்பொசிட் பனலும் அப்படித்தான்: இரு பக்கமும் அலுமினியம், நடுவில் பெரும்பாலும் உருகும் பிளாஸ்டிக்.

ஸ்டீல் தகட்டுக்கு நம் ஊர்க் காற்று பெரிய பகை. உப்பிலுள்ள குளோரைட் துருப்பிடிக்காத இரும்பையும் அரிக்கும். மலிவான 202 தரத்தில் சில மாதத்திலேயே தேநீர்க் கறைபோலப் பழுப்புப் புள்ளி வரும். 304 கொஞ்சம் தாங்கும். கடலோரத்துக்கு உண்மையில் தோதானது மொலிப்டினம் கலந்த 316, விலையும் அதற்கேற்றபடி. காந்தம் ஒட்டவில்லை என்பதைக் காட்டி 304 என்று விற்பார்கள். 202இலும் காந்தம் ஒட்டாது. தரத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே தகடு வைத்திருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் ஒரு சொல்: இரும்பு நாரால் தேய்க்க வேண்டாம், அதன் துகள் தகட்டில் குத்தி நின்று துருவாகும்.

மார்பிள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: தேசிக்காய்ச் சாறும் புளியும் பட்ட இடமெல்லாம் மங்கிப் போகும்.

டைலில் காசு நட்டமாவது ஒட்டும் விதத்தில்தான். பெயின்டின் மேலேயே ஒட்டினால் கலவை பெயின்டைத்தான் பிடிக்கும். பெயின்ட் உரியும்போது டைலும் கூட வரும். கொத்தி, சாந்து தெரிய வேண்டும். அதற்கு முன்னர், அந்தச் சுவரின் வெளிப்பக்கம் கடற்காற்றுக்கும் மாரி மழைக்கும் முகம் கொடுக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சாந்தில் வெடிப்பு இருந்தால் உள்ளே ஈரம் வந்து, சுவருக்குள் கரைந்த உப்பு டைல் இடுக்கில் வெள்ளையாகப் பூக்கும். ஓரடிச் சதுரப் பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி இருந்தாலோ சுவர் கருத்திருந்தாலோ, வெளி வெடிப்பை அடைத்து, காயும்வரை பொறுக்க வேண்டும்.

ஐந்து இடத்தில் உருண்டையாகக் கலவை வைத்து அப்புகிறவரை விடாதீர்கள். பல் உள்ள கரண்டியால் முழுவதும் இழுத்து ஒட்ட வேண்டும்; இடைவெளி இருந்தால் அங்கே கரப்பான் குடியிருக்கும், லேசாகத் தட்டுப்பட்டாலும் டைல் வெடிக்கும். இந்தக் கலவையில் ஒட்டும்போது டைலை நீரில் ஊறவைக்கத் தேவையில்லை. இடுக்கு 2 மில்லிமீற்றர். அடுப்புக்குப் பின்னுள்ள 12 சதுர அடிக்கு மட்டும் எபொக்சி க்ரவுட், ஏனென்றால் சாதாரண க்ரவுட் மஞ்சளைக் குடித்துவிடும். எபொக்சி சீக்கிரம் இறுகும். கொஞ்சம் கொஞ்சமாகக் குழைத்து, மேலே படிந்ததை உடனுக்குடன் துடைக்க வேண்டும். ஸ்லாப்பும் டைலும் சேரும் மூலையில் க்ரவுட் போட்டால் வெடிக்கும். அந்த இடத்துக்குத்தான் சிலிக்கன்.

இனி வைப்பு. முழு வருடம் விட்டால் வட்டி 16,000. இப்போது, ஒன்பது மாதத்தில் முறித்தால் 3 வீதப்படி 4,500. மூன்று மாதம் பொறுக்காததற்கு 11,500 ரூபா போய்விடும். இந்த மூன்று மாதமும் மழைக்காலம்; சுவரும் எப்படியும் காயாது. தவிர்க்க முடியாத அவசரமென்றால் வைப்பை முறிக்காமல் அதன்மேல் கடன் கேளுங்கள். வைப்பு வட்டியை விட 2 வீதம் கூட என்றால் 50,000க்கு மூன்று மாத வட்டி 1,250தான்.

ஒன்று கேட்காமலே சொல்கிறேன். 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள், உங்களுக்கு 1,600. சம்பளம், வட்டி, வாடகை எல்லாம் சேர்த்து வருட வருமானம் 18 லட்சத்துக்குள் இருப்பவர் வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். உங்கள் சம்பளம் வருடத்துக்கு 8,16,000தான். வைப்பு முதிர்வதற்கு முன்னமே கொடுங்கள். எபொக்சி க்ரவுட்டின் பாதிக் காசு அதிலேயே வந்துவிடும்.

வீட்டை விற்கும்போது கண்ணாடி விலையைக் கூட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உப்புவெளியில் வாங்க வருபவர் பார்ப்பது காணி உறுதிப் பத்திரம், காணி எத்தனை பேர்ச்சஸ், பாதை அகலம், கிணற்று நீர் உவரா என்பவற்றை.

மேசனுக்குக் கூலியில் 5,000 ரூபாவை நிறுத்தி வையுங்கள். இரண்டு நாள் கழித்து ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலின் நடுவிலும் நாலு மூலையிலும் தட்டுங்கள். டொக் டொக் என்று வெறுமையாகக் கேட்கும் டைலைக் கழற்றி மறுபடி ஒட்டிய பிறகு அந்த 5,000ஐக் கொடுங்கள்.